பெல்லெட் இன்ஸர்ட்: தீயை விடக் காற்றைக் கவனியுங்கள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில் அறுபதுகளிலோ எழுபதுகளிலோ கட்டிய வீட்டை வாங்கினால், வரவேற்பறையில் செங்கல் வைத்துக் கட்டிய ஒரு ஃபயர்பிளேஸும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பார்க்க அழகுதான். ஆனால் சூட்டுக்கு என்று பார்த்தால் சுத்த நஷ்டம். விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறைக்குள் வந்தாலே பெரிது, மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியே மேலே போய்விடும், போகிற போக்கில் எண்ணெய் எரித்து நாம் சூடாக்கி வைத்திருக்கிற அறைக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பொந்துக்குள் செருகுகிற இரும்புப் பெட்டிக்குத்தான் இன்ஸர்ட் என்று பெயர். விறகு எரிப்பது உண்டு, கேஸ் எரிப்பது உண்டு. நாஷுவா, ஷ்ரூஸ்பரி பக்கம் வீடு வாங்குகிற நம்மவர்கள் அதிகம் விசாரிப்பது பெல்லெட், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த குச்சி, எரிப்பதைப் பற்றி, ஏனென்றால் விறகு பிளக்க வேண்டாம், மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டு பட்டனை அழுத்தினால் போதும் என்று விற்பவர் சொல்கிறார்.

அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தப் பட்டனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. பெல்லெட் இன்ஸர்ட்டைப் பற்றிக் கேட்கிற எல்லோருக்கும் முதலில் தீயைப் பற்றித்தான் பயம்: பொறி பறக்குமா, கம்பளம் பற்றுமா, குழந்தை கையை வைத்துவிடுமா. நியாயமான பயம்தான், ஆனால் இந்தச் சாதனத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை காற்றின் பாதையில் வருபவை. காற்று எங்கிருந்து உள்ளே வருகிறது, புகை எந்த வழியாக வெளியே போகிறது, நடுவில் எங்கே ஓட்டை, எங்கே அடைப்பு. இதைப் பிடித்துக்கொண்டால் கையேட்டில் இருக்கிற விதிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் எரிபொருளைப் பற்றிக் கொஞ்சம். மர அறுவை ஆலைகளில் மிஞ்சுகிற தூளைக் காயவைத்து, துளையுள்ள அச்சில் அழுத்திப் பிதுக்கினால் வருவது பெல்லெட், கால் அங்குலம் தடிமனுள்ள சின்னக் குச்சி. பசை எதுவும் சேர்ப்பதில்லை, அழுத்தத்தில் சூடாகி இளகும் மரத்தின் லிக்னினே ஒட்டிக்கொள்ளும். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஆலைகளும் பெரிய கட்டடங்களும் இதை எரிக்கத் தொடங்கின. வீட்டுக்குள் வைக்கிற அளவுக்குச் சிறிய அடுப்பு எண்பதுகளின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் ஜெரி விட்ஃபீல்ட் என்ற பொறியாளர் கையில் உருவானது. அவர் விமானத் துறைக்காரர். அடுப்பைத் திறந்து பார்த்தால் அது தெரியும், ஏனென்றால் உள்ளே இருப்பதில் பாதி மோட்டாரும் விசிறியும்தான்.

மேலே ஒரு தொட்டி, ஹாப்பர் என்பார்கள், நாற்பது பவுண்டு மூட்டை ஒன்றையாவது அதில் கொட்டலாம். தொட்டியின் அடியில் ஆகர் என்கிற திருகுத் தண்டு விட்டுவிட்டுச் சுற்றி, ஒரு தடவைக்குக் கொஞ்சம் பெல்லெட்டை உள்ளங்கை அகலமுள்ள ஒரு இரும்புக் கிண்ணத்தில் விழவைக்கும். அதுதான் பர்ன் பாட். அதன் அடியிலும் பக்கங்களிலும் வரிசையாகத் துளைகள். ஒரு மின்சாரக் கம்பி சூடாகிப் பற்றவைக்கும். இதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். புகை விசிறி ஒன்று எரியும் அறைக்குள் இருக்கும் வாயுவை உறிஞ்சிப் பின்னால் இருக்கிற குழாய்க்குள் தள்ளுகிறது. அதாவது விசிறிக்கு முன்னால் இருக்கிற பகுதி முழுக்க வெளிக்காற்றை விடக் குறைந்த அழுத்தத்தில் இருக்கிறது, விசிறிக்குப் பின்னால் இருக்கிற குழாய் அதிக அழுத்தத்தில் இருக்கிறது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதவின் கேஸ்கெட், அதாவது இடுக்கை அடைக்கும் பட்டை, நைந்து ஓட்டை விழுந்தால் அறைக் காற்று உள்ளே போகும், தீ கெடும், ஆனால் புகை உடனே வெளியே வராது. பின்னால் குழாய் இணைப்பில் ஓட்டை விழுந்தால் கதையே வேறு, புகையும் கார்பன் மோனாக்சைடும் நேராக வீட்டுக்குள் தள்ளப்படும். அதனால்தான் சாதாரண விறகடுப்புக் குழாயைக் கொண்டு இதைப் பொருத்தக் கூடாது என்கிறார்கள். விறகடுப்பில் புகை தானாக மேலேறும், இணைப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் காற்று உள்நோக்கித்தான் போகும். இங்கே மோட்டார் தள்ளுகிறது. பெல்லெட்டுக்கென்று சோதித்துச் சான்று பெற்ற குழாய், ஒவ்வொரு இணைப்பும் அடைத்தது, அதிக வெப்பம் தாங்கும் சிலிகான் பூசியது, இதில் சமரசமே கிடையாது.

மின்சாரம் போனால்? இந்தக் கேள்வியைக் கடையில் யாரும் கேட்பதில்லை. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது நியூ இங்கிலாந்து முழுக்க ஜனங்கள் பெல்லெட் அடுப்புக்காகக் கடைகளை மொய்த்தார்கள். அதே வருடம் டிசம்பர் 11 இரவு வந்த பனிப்புயலில் மரக்கிளைகள் ஐஸ் பாரம் தாங்காமல் மின்கம்பிகள் மேல் விழுந்து, நியூ ஹாம்ப்ஷயரில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன, சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப இரண்டு வாரம் ஆனது. மூட்டை மூட்டையாக எரிபொருள் அடுக்கி வைத்திருந்தாலும், ஆகரும் விசிறியும் ஓடாமல் பெல்லெட் அடுப்பு வெறும் இரும்புப் பெட்டிதான். எரிந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் இன்னொரு பிரச்சினை: விசிறி நின்றுவிடும், கிண்ணத்தில் இருக்கும் ஒரு கைப்பிடித் தணல் புகைந்துகொண்டே இருக்கும், அந்தப் புகை எங்காவது போயாக வேண்டும். புகைபோக்கியின் உச்சி வரை குழாய் போயிருந்தால் சூடான வாயு தன்னால் மேலேறிவிடும். பாதியில் நின்றிருந்தால் வீட்டுக்குள் இறங்கும். கதவைத் திறந்து பார்க்காதீர்கள், தானாக அணைய விடுங்கள். சின்ன பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்று வைத்துக்கொள்வது நல்ல யோசனை, ஆனால் பியூர் சைன் வேவ் வகையாகப் பார்த்து வாங்குங்கள், மலிவான இன்வெர்ட்டரில் இந்த மோட்டார்களும் கட்டுப்பாட்டு போர்டும் கெட்டுப்போகலாம். ஜெனரேட்டர் என்றால் வீட்டுக்கு வெளியே, சன்னல்களுக்குத் தூரத்தில். கராஜுக்குள் வைத்து ஓட்டுவது தற்கொலைக்குச் சமம்.

சரி, பொருத்துகிற வேலைக்கு வருவோம். முதல் வேலை, இருக்கிற புகைபோக்கியை அறிவது. செங்கல் கட்டுமானமா, அல்லது மரச் சட்டத்துக்குள் நிற்கிற தகரப் பெட்டியா? பின்னது தொழிற்சாலையில் செய்து வந்த ஃபயர்பிளேஸ், வெளியே கல் ஒட்டியிருந்தால் பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியாது. அந்த வகைக்குள் செருகலாம் என்று இன்ஸர்ட்டின் கையேட்டில் எழுதியிருந்தால் மட்டுமே செருகலாம். செங்கல் என்றாலும், ஏற்கனவே இருக்கிற புகைபோக்கியில் சாதனத்தை மாற்றும்போது கேமரா விட்டு உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீத்தடுப்பு விதி, என்.எஃப்.பி.ஏ 211-ல் இதற்கு லெவல் 2 சோதனை என்று பெயர். உள்ளே களிமண் ஓடு வெடித்திருக்கிறதா, விறகுப் புகை படிந்து உண்டாகும் கிரியோசோட் கட்டியாக ஒட்டியிருக்கிறதா, நடுவில் எங்காவது செங்கல் பெயர்ந்திருக்கிறதா என்று திரையில் காட்டுவார்கள். கிரியோசோட் இருந்தால் சுத்தம் செய்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும்.

அடுத்தது லைனர், அதாவது பழைய புகைபோக்கிக்குள் இறக்குகிற உலோகக் குழாய். பழைய கணப்பின் புகைவழி ஒரு அடிக்கு ஒரு அடி அகலம்கூட இருக்கும். பெல்லெட் புகையோ மிகக் குறைவு, சூடும் குறைவு. அவ்வளவு பெரிய குளிர்ந்த குழிக்குள் அதை விட்டால் ஏறும் வேகம் இழந்து, ஈரம் படிந்து, பறக்கும் சாம்பல் சுவரெல்லாம் ஒட்டி உதிரும். டாம்பரை, அதாவது புகைவழியைத் திறந்து மூடும் தகட்டை, தாண்டி நாலைந்து அடி குழாயை நீட்டிவிட்டு விட்டுவிடலாம், காசு மிச்சம் என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சில கையேடுகளே அதை அனுமதிக்கவும் செய்கின்றன. என் கருத்து: வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு லைனர், உச்சி வரை, மேலே மூடியும் தொப்பியும் போட்டு. எந்த விட்டம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நேராக மேலேறும் ஒவ்வொரு அடிக்கும் அரை, படுக்கையாகப் போகும் ஒவ்வொரு அடிக்கும் ஒன்று, தொண்ணூறு டிகிரி வளைவுக்கு ஐந்து என்று கூட்டுவார்கள். கூட்டுத்தொகை பதினைந்தைத் தாண்டினால் மூன்று அங்குலக் குழாய் போதாது, நான்கு வேண்டும். இருபத்தெட்டு அடி உயர இரண்டு மாடி வீட்டுப் புகைபோக்கி என்றால் பதினான்கு, அடியில் ஒரு வளைவுக்கு ஐந்து, பத்தொன்பது. ஆக நான்கு அங்குலம். விலைப்பட்டியலில் மூன்று அங்குலம் என்று போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

லைனருக்கும் பழைய டாம்பர் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத் தகடு வெட்டி அடைத்து, கனிமக் கம்பளி வைத்து மூட வேண்டும். இல்லாவிட்டால் இன்ஸர்ட்டின் சூடு அறைக்கு வராமல் புகைபோக்கிச் செங்கலைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். லைனர் நுழைவதற்காகச் சில சமயம் பழைய டாம்பரை அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். அப்படி எடுத்தால், இந்தக் கணப்பு மாற்றப்பட்டிருக்கிறது, மறுபடி விறகு எரிக்க வேண்டுமானால் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஆய்வு செய்த பிறகே எரிக்கலாம் என்று எழுதிய ஒரு சின்ன உலோகத் தகட்டைக் கணப்புக்குள் அடிக்கச் சொல்லி கையேடுகள் கேட்கும். இன்ஸர்ட்டை உருவினால் ஒழிய யார் கண்ணிலும் படாத தகடு. எட்டு வருடம் கழித்து வீட்டை வாங்குகிறவர் இன்ஸர்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு நாலு கட்டை எரிக்கலாம் என்று கிளம்பும்போது அவரைத் தடுக்க அது ஒன்றுதான் இருக்கும்.

முன்பக்கத் தரையில் எரியாத பொருளால் ஆன பலகை, மேலே மர அலமாரி இருந்தால் அதற்கு எவ்வளவு இடைவெளி, இதெல்லாம் ஒவ்வொரு மாடலுக்கும் மாறும், கையேட்டில் போட்டிருக்கிற அளவுதான் சட்டம். மின்சாரத்துக்கு மூன்று முள் உள்ள, எர்த் செய்த பிளக் பாயிண்ட், சர்ஜ் புரொடெக்டர். எக்ஸ்டென்ஷன் வயரைக் கம்பளத்துக்கு அடியில் ஓட்டாதீர்கள். மாசசூசெட்ஸில் நகராட்சிக் கட்டட அலுவலகத்தில் பெர்மிட் எடுத்துத்தான் பொருத்த வேண்டும், வேலை முடிந்ததும் ஆய்வாளர் வந்து பார்ப்பார். கனடாவில் இருப்பவர்களுக்கு வெட் (WETT) என்கிற விறகடுப்புப் பயிற்சி அமைப்பின் சான்று பெற்றவரின் ஆய்வறிக்கையைக் காப்பீட்டு நிறுவனமே கேட்கும். அமெரிக்காவிலும் காப்பீட்டுக்காரருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது, தீ விபத்துக்குப் பிறகு சொல்வதை விட.

நம் வீடுகளுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. இன்ஸர்ட் எரிவதற்கு அறைக் காற்றை எடுத்துக்கொள்ளலாம், அல்லது தனிக்குழாய் போட்டு வெளிக்காற்றை எடுத்துக்கொள்ளலாம். பழைய வீடு, சன்னல் இடுக்கெல்லாம் காற்று வரும், எதற்குத் தனிக்குழாய் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் சமையலறையைப் புதுப்பித்து, மிளகாய் தாளிக்கிற நெடி போக வேண்டுமே என்று பலமான எக்ஸாஸ்ட் ஹூட் ஒன்றை மாட்டுகிறார்கள், சன்னலெல்லாம் புதிதாகப் போட்டு இடுக்குகளை அடைக்கிறார்கள். நிமிடத்துக்கு அறுநூறு கன அடி காற்றை வெளியே தள்ளுகிற ஹூட், அந்தக் காற்றை எங்கிருந்தாவது இழுத்தாக வேண்டும். அது இன்ஸர்ட்டோடு போட்டி போடும். தீ மந்தமாகும், அணையும் நேரத்தில் புகை திரும்பி வரும். நானூறு கன அடிக்கு மேல் இழுக்கிற ஹூட்டுக்கு ஈடுகட்டும் காற்று வழி வேண்டும் என்று அமெரிக்க மாதிரிக் கட்டட விதியே சொல்கிறது. பலமான ஹூட் இருக்கிற வீட்டில் வெளிக்காற்றுக் குழாய் இல்லாமல் பெல்லெட் இன்ஸர்ட் பொருத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

வெளிக்காற்று வாய் சுவரில் தாழ்வாக இருந்தால் பனி மூடும். மாசசூசெட்ஸில் 'நிக்கோல் சட்டம்' என்று ஒன்று உண்டு. 2005 ஜனவரியில் பிளிமத் ஊரில் ஒரு வீட்டின் புரோப்பேன் சூடேற்றியின் வெளிக்குழாயைப் பனிக்குவியல் மூடிவிட, வீட்டுக்குள் நிறைந்த கார்பன் மோனாக்சைடில் ஏழு வயதுச் சிறுமி இறந்துபோனாள். அந்தப் பெண்ணின் பெயரில்தான், எரிபொருள் எரிக்கும் சாதனம் உள்ள வீடுகளில் ஒவ்வொரு தளத்திலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும் என்று சட்டம் வந்தது. உச்சி வரை லைனர் போட்ட இன்ஸர்ட்டில் புகைவாயை அவ்வளவு எளிதில் பனி மூடாது, ஆனால் காற்று வாயை மூடும். பனி பெய்து ஓய்ந்ததும் கார் கண்ணாடியைச் சுரண்டுவதற்கு முன் அதைப் போய்ப் பாருங்கள். அலாரம் படுக்கையறைகளுக்கு அருகே ஒன்று, இன்ஸர்ட் இருக்கிற தளத்தில் ஒன்று, புகை அலாரமும் தனியாக.

தினசரி ஓட்டும்போது உங்களுக்கு இருக்கிற மிகச் சிறந்த அளவுகோல் தீயின் நிறம்தான். நன்றாக எரியும் பெல்லெட் தீ வெளிர் மஞ்சளாக, நுனி கூர்மையாக, துடிப்பாக இருக்கும், கிண்ணத்தில் பெல்லெட் குதிக்கும். சோம்பலாக, ஆரஞ்சு நிறத்தில், நுனி கறுத்து ஆடிக்கொண்டிருந்தால் காற்று போதவில்லை. கண்ணாடி வேகமாகக் கறுக்கும். முதலில் கிண்ணத்தைப் பாருங்கள். ஆறவிட்டு எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளைகள் எத்தனை அடைத்திருக்கின்றன என்று தெரியும். சாம்பல் உருகிக் கட்டிய கறுப்புக் கசடு, கிளிங்கர், அடியில் பிடித்திருக்கும், சுரண்டி எடுக்க வேண்டும், துளைகளைக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். அதிலும் தீரவில்லை என்றால் கதவு கேஸ்கெட். ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் கேஸ்கெட் போய்விட்டது.

பற்றாமல் போகிற தருணம்தான் ஆபத்தானது. பற்றவைக்கும் கம்பி பழுதாகிவிட்டால் ஆகர் பாட்டுக்குப் பெல்லெட்டைக் கொட்டிக்கொண்டே இருக்கும், கிண்ணம் நிரம்பிக் குவியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இயந்திரம் தானே நின்றுவிடும். அவசரப்பட்டு மறுபடி பட்டனை அழுத்துகிறவர்கள் உண்டு. அந்தக் குவியல் தீப்பிடிக்காமல் புகையத் தொடங்கினால், கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் வெள்ளையாகி உள்ளே எதுவும் தெரியாது. அந்த வெள்ளைப் புகை எரியக்கூடிய வாயு. திடீரென்று ஒரு சுடர் எழுந்தால் மொத்தமும் ஒரே வீச்சில் பற்றும், டப்பென்ற சத்தத்தோடு கதவு அதிரும், இணைப்புகளில் சாம்பல் பீய்ச்சும். புகை நிறைந்திருக்கும்போது கதவைத் திறந்து காற்றுக் காட்டுவது இதற்கு அழைப்பு விடுவது மாதிரி. விசிறியை ஓடவிட்டுக் காத்திருந்து, முழுதாக ஆறியபின் கிண்ணத்தைக் காலி செய்து, அதன் பிறகே மறுபடி முயலுங்கள். எடுத்த பெல்லெட்டைத் தொட்டியில் திரும்பப் போடாதீர்கள், உள்ளே ஒரு கங்கு இருந்தாலும் போதும். பெட்ரோல், லைட்டர் திரவம் எதையும் பக்கத்தில்கூடக் கொண்டுவரக் கூடாது.

தீ கிண்ணத்திலிருந்து ஆகர் வழியே தொட்டிக்கு ஏறுவதும் நடக்கக்கூடியதுதான். அதைத் தடுக்கத்தான் தொட்டி மூடிக்கு கேஸ்கெட், அழுத்தம் குறைவாக இருக்கிறதா என்று பார்க்கிற வாக்கும் சுவிட்ச், சூடு மீறினால் ஆகரை நிறுத்துகிற வெப்ப சுவிட்ச் எல்லாம். அடுப்பு அடிக்கடி நிற்கிறது என்று எரிச்சல் வந்து, இந்த சுவிட்சுகளின் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டு ஓட்டலாம் என்று யோசனை சொல்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வாக்கும் சுவிட்ச் விழுகிறதென்றால் பெரும்பாலும் குழாயிலோ வெப்பப் பரிமாற்றிக்குப் பின்னாலோ சாம்பல் அடைத்திருக்கிறது. சாம்பலை எடுங்கள், சுவிட்சை விடுங்கள்.

பெல்லெட்டின் தரம் இந்த அடைப்பையெல்லாம் நேரடியாகப் பாதிக்கும். அமெரிக்காவில் பிரீமியம் என்று முத்திரை போட்டால் சாம்பல் ஒரு சதவீதத்துக்கு மேல், ஈரப்பதம் எட்டுக்கு மேல், தூள் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு டன்னுக்கு ஐம்பது மூட்டை, அதாவது இரண்டாயிரம் பவுண்டு, ஒரு சதவீதம் என்றாலே இருபது பவுண்டு சாம்பல் சேரும். மூட்டைகளைத் தரையில் நேராக வைக்காமல் மரப் பலகைமேல் அடுக்குங்கள். நனைந்த பெல்லெட் ஊதி மறுபடி தூளாகிவிடும், அது ஆகருக்குள் போய் இறுகினால் இரும்புக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டி வரும். தொட்டியின் அடியில் தங்குகிற தூளையும் அவ்வப்போது காலி செய்யுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: எரியாமல் சும்மா இருக்கிற பெல்லெட்டே கார்பன் மோனாக்சைடு வெளியிடும், மரத்தில் இருக்கிற கொழுப்பு அமிலங்கள் காற்றோடு வினைபுரிவதால். ஐரோப்பாவில் டன் கணக்கில் கொட்டி வைக்கிற மூடிய கிடங்குகளுக்குள் இறங்கியவர்கள் இதனால் இறந்திருக்கிறார்கள். பேஸ்மென்ட்டில் மூட்டைகளாக அடுக்கி வைப்பது அந்த அளவு ஆபத்தில்லை, ஆனால் காற்றோட்டமில்லாத சின்ன அறையில் ஒரு பருவத்துக்கான மொத்தத்தையும் அடைத்து வைக்காதீர்கள்.

சாம்பலை வீட்டு வாக்கும் கிளீனரால் உறிஞ்சவே கூடாது. நுண்ணிய தூள் வடிகட்டியைத் தாண்டி அறையெங்கும் பரவும், ஒரு கங்கு போனால் பையே பற்றும். சாம்பலுக்கென்று உலோக உடம்போடு வருகிற வாக்கும் தனியாக உண்டு, அதையும் ஆறிய சாம்பலில்தான் பயன்படுத்த வேண்டும். எடுத்த சாம்பலை இறுக மூடும் இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே, மண்ணிலோ சிமெண்டிலோ வையுங்கள், மர டெக் மேல் வேண்டாம். சாம்பலுக்குள் புதைந்த கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். குழாயையும் விசிறியையும் பருவம் முடிந்த உடனே, ஏப்ரல் வாக்கில், ஆள் வைத்துச் சுத்தம் செய்துவிடுங்கள். கோடையின் ஈரத்தை உறிஞ்சிய சாம்பல் இரும்பை அரிக்கும், அதோடு அக்டோபரில் கூப்பிட்டால் எந்த டெக்னீஷியனும் கிடைக்க மாட்டார்.

இன்ஸர்ட்டோடு சேர்த்தே விற்பனைக்கு வருகிற வீடு என்றால், பெர்மிட் எடுத்தார்களா என்று நகராட்சியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். எடுக்கவில்லை என்றால் லைனர் உச்சி வரை போகிறதா என்பதே சந்தேகம்தான். வீடு கைமாறும்போதும் அதே லெவல் 2 கேமரா சோதனை உண்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள், அப்போதுதான் ஏதாவது கோளாறு தெரிந்தால் விலையில் குறைத்துக் கேட்க முடியும்.